இலண்டன் முன்பள்ளியும் தமிழ்ப் பிள்ளையும்: சிறப்புத் தேவையுடைய குழந்தைகளை உள்ளடக்கிய கல்வி வரலாற்றில் வீட்டுமொழியின் இடம்

முன்னுரை

1983ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டின் பெயரால் குழந்தைகளை வகைப்படுத்தி வந்த பழைய முறையை அது நீக்கி, 'சிறப்புக் கல்வித் தேவை' என்னும் கருத்தைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் மூண்டன. அதன்பின் ஏதிலியராக இலண்டன் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கால்வைத்தது, இச்சட்டம் மாற்றத் தொடங்கியிருந்த பள்ளிகளில்தான். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே காரணத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இலண்டன் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் இவற்றைச் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது. அச்சட்டத்தின் முதற் பிரிவிலேயே, வீட்டில் பேசும் மொழி வேறாக இருப்பதனால் மட்டும் ஒரு குழந்தையைக் கற்றல் இடர்ப்பாடு உடையதெனக் கொள்ளலாகாது என்னும் விதி இடம்பெற்றிருந்தது.

இலண்டனின் முன்பருவக் கல்வி எவ்வாறு சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையும் தன்னுள் ஏற்றது என்பதையும், அவ்வரலாற்றில் மேற்சொன்ன மொழிவிதி தமிழ்ப் பிள்ளைக்கு எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர் பயிலும் இடத்தைத் தமிழ்நாட்டார் மழலையர் பள்ளி என்றும், ஈழத்தார் முன்பள்ளி என்றும் வழங்குவர். இலண்டன் தமிழருள் ஈழத்தவரே மிகுதி என்பதால் இங்குப் பின்னைய சொல்லே ஆளப்படுகிறது.

விலக்கப்பட்டோரிடமிருந்து பிறந்த பள்ளி

இயல்பான குழந்தைகளுக்கென முன்பள்ளி முதலில் தோன்றியது என்றும், குறைபாடுடைய குழந்தைகள் பின்னர் அதில் இரக்கத்தால் சேர்க்கப்பட்டனர் என்றும் பொதுவாக எண்ணப்படுகிறது. வரலாறு இதற்கு நேர்மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசு நகரில், காட்டில் கண்டெடுக்கப்பட்ட பேசாச் சிறுவன் ஒருவனுக்குக் கற்பிக்க முயன்றவர் மருத்துவர் இத்தார். அவர்வழி வந்த எதுவார் செகேன், அறிவுவளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுக்குக் கை, கண், தசை ஆகியவற்றின் பயிற்சி வழியே கற்பிக்கும் முறையை வகுத்தார். அம்முறையைத் தேடிக் கற்றவர்களுள் இருவர் இருபதாம் நூற்றாண்டின் முன்பள்ளியை உருவாக்கினர். ஒருவர் உரோமாபுரியின் மரியா மாண்டிசோரி. மற்றவர் இலண்டனின் மார்கரெட் மெக்மில்லன்.

மெக்மில்லன் 1894இல் பிராட்போர்டு நகரப் பள்ளிக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பின்னர் இலண்டனுக்கு வந்து, தமக்கை இரேச்சலுடன் சேர்ந்து 1910இல் தெட்போர்டு பகுதியில் பள்ளிக் குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினார். தேம்சு ஆற்றங்கரையின் நெருக்கடியான அக்குடியிருப்புகளில் என்புமெலிவு நோயால் கால் வளைந்த குழந்தைகளும், காது சீழ்கொண்டு கேட்கும் திறன் குன்றிய குழந்தைகளும் மிகுதி. மருந்திட்டு அனுப்பிய பிள்ளை அதே வீட்டிற்குத் திரும்பி, அதே நோயுடன் மீண்டும் வந்தது. மருத்துவம் செய்தபின் காப்பதைவிட, நோய் வருமுன்னரே வெயிலும் காற்றும் உணவும் தோட்டமும் தருவதே வழி என்று சகோதரியர் கண்டனர். 1914இல் தெட்போர்டில் அவர்கள் தொடங்கிய திறந்தவெளி முன்பள்ளி அக்கருத்தின் விளைவு. 1917இல் இரேச்சல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அப்பள்ளி நிலைத்தது. மறு ஆண்டே, முன்பள்ளிகளுக்கு உள்ளாட்சி நிதி வழங்க இசைவளிக்கும் கல்விச் சட்டம் நிறைவேறியது.

மாண்டிசோரியோ உரோமாபுரியில் அறிவுவளர்ச்சி குன்றியோர் எனப்பட்ட குழந்தைகளிடம் செகேனின் முறையைச் சோதித்துப் பெற்ற கருவிகளையே, 1907இல் சான் லொரென்சோ குடியிருப்பின் எளிய குழந்தைகளுக்கு வழங்கினார். 1919இல் இலண்டனில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1939இல், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டுக் குடிமகள் என்னும் நிலையில் அவரது நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கிப் பணி தொடர்ந்தார். தமிழ்நாட்டுப் பட்டணங்களில் இன்று உயர்கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் விளங்கும் மாண்டிசோரி என்னும் சொல்லின் வேர், எந்தப் பள்ளியும் ஏற்காத குழந்தைகளிடம் உள்ளது என்பதை அப்பள்ளிகள் நினைவுகூர்வது அரிது.

'கற்பிக்க இயலாதோர்' என்னும் சொல்

கருவியும் முறையும் சிறப்புக் குழந்தையிடமிருந்து பொதுக் குழந்தைக்குச் சென்ற அதே காலத்தில், சட்டம் இருவரையும் பிரித்துக்கொண்டிருந்தது. 1893ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையற்ற, செவிகேளாக் குழந்தைகளுக்குத் தனிக் கல்வியைக் கடமையாக்கியது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் குறையறிவினர், வலிப்பு நோயினர் எனப்பட்டோருக்குத் தனி வகுப்புகள் அமைக்க இசைவளித்தது. 1914இல் அறிவுக்குறையுடையோர் திறத்தில் அது கடமையாயிற்று. இப்பின்னைய சட்டங்கள் கருதிய வயது 7 முதல் 16 வரை. பேச்சும் நடையும் உருக்கொள்ளும் முதல் ஏழு ஆண்டுகள் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றன.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவ்வகையில் முரண்பட்ட ஒன்று. இரண்டு வயது நிறைந்த குழந்தைகளிலிருந்தே சிறப்புக் கல்வி வேண்டுவோரைக் கண்டறியுமாறு உள்ளாட்சிகளைப் பணித்தது. அடுத்த ஆண்டு வந்த ஒழுங்குமுறைகள் 11 குறைபாட்டு வகைகளை வரையறுத்தன. ஆனால் பள்ளியில் கற்பிக்க இயலாதோர் என்று முடிவு செய்யப்பட்டவர்களைக் கல்வித்துறையிலிருந்தே நீக்கிச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கவும் அதே சட்டம் வழிசெய்தது. தேடிச் சென்ற கையே விலக்கியும் வைத்தது. இந்நிலை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் மாறியது. 1971 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது, பயிற்சி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்த 30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் முதன்முறையாகக் கல்வித்துறையின் பொறுப்பில் வந்தனர். கற்பிக்க இயலாத குழந்தை என ஒருவரும் இலர் என்பதைச் சட்டம் ஏற்கக் கட்டாயக் கல்வி தோன்றி ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

அரசு அசையாதிருந்த இவ்விடைக்காலத்தில் வழிதிறந்தவர்கள் பெற்றோரும் சில ஆசிரியரும் ஆவர். 1960இல் அரசு முன்பள்ளிகளின் விரிவாக்கத்தைத் தடுத்துச் சுற்றறிக்கை விடுத்தது. மறு ஆண்டில் பெல் டுட்டேவ் என்னும் இலண்டன் தாய் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய மடல், பெற்றோரே நடத்தும் விளையாட்டுக் குழுக்கள் நாடெங்கும் பரவத் தூண்டுகோலாயிற்று. மாண்டிசோரி முறையில் பயின்ற சிபில் எல்கர், ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்குத் தம் இலண்டன் வீட்டின் நிலவறையிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அத்தகைய குழந்தைகளின் பெற்றோர் 1962இல் அமைத்த சங்கம் 1965இல் ஈலிங் பகுதியில் பள்ளி நிறுவியபோது அதை நடத்தும் பொறுப்பை அவர் ஏற்றார். கனகதுர்க்கை அம்மன் கோயிலால் தமிழர் நன்கறிந்த அதே ஈலிங்தான் அது. ஆலன் சீமாட்டி 1970இல் செல்சியில் உடற்குறையுடைய சிறுவருக்கான துணிவிளையாட்டுத் திடலைத் திறந்தார். ஏறி விழுந்து எழும் உரிமையும் கல்வியின் பகுதியே என்பது அவர் கொள்கை.

வார்னாக் அறிக்கையும் மொழிவிதியும்

மெய்யியலறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிக் காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஐவரில் ஒரு குழந்தைக்குச் சிறப்புக் கல்வித் தேவை எழக்கூடும் என்று அது கணித்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் கல்வியை, தான் குறித்த மூன்று முதன்மைப் பணிகளுள் ஒன்றாக வைத்தது. தேவை அறியப்பட்ட நாளிலிருந்தே, குறைந்தபட்ச வயதெல்லை இன்றி, கல்வி தொடங்க வேண்டும் என்றது. பெற்றோரைக் கூட்டாளிகள் எனக் குறிக்கும் தனி இயலே அவ்வறிக்கையில் உண்டு. விசுகான்சின் மாநிலத்துப் போர்டேஜ் என்னும் ஊரிலிருந்து எழுபதுகளின் இடைப்பகுதியில் இங்கிலாந்துக்கு வந்த வீடுசார் பயிற்சி முறையும் இக்கருத்தோடு ஒத்தது. அதில் ஆசிரியர் வாரந்தோறும் வீட்டிற்கு வந்து தாய்க்குக் காட்டிச் செல்வார். நாள்தோறும் கற்பிப்பவர் தாயே. அவ்வாறாயின் கற்பிக்கும் மொழி எதுவாக இருக்கும் என்னும் வினா அங்கேயே தோன்றிவிடுகிறது.

1981ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வறிக்கையின் விளைவு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் பெற்றோர் கேட்டால் மதிப்பிட வேண்டும் என்றது. இயன்றவரை பொதுப் பள்ளியிலேயே கல்வி என்றும் கூறியது. ஆனால் உடனுறையும் பிற குழந்தைகளின் கல்வி கெடாமை, வளங்களின் சிக்கனம் முதலான நிபந்தனைகளையும் சேர்த்தது. முந்தைய ஆண்டுச் சட்டமோ, முன்பள்ளி நடத்துவதை உள்ளாட்சிகளின் விருப்பத்திற்கு விட்டிருந்தது. எனவே தேவையைக் கண்டறியும் உரிமை குழந்தைக்கு உண்டு. சென்று சேர முன்பள்ளி உண்டா என்பது அது எந்தப் பேட்டையில் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

மொழிவிதிக்கு ஒரு முன்கதை உண்டு. 1971இல் பெர்னார்டு கோர்டு என்னும் கிரெனடா நாட்டு ஆசிரியர், இலண்டனில் கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள் அறிவுக்குறைவினருக்கான தனிப்பள்ளிகளுக்கு மிகையாக அனுப்பப்படுவதைச் சிறு நூலொன்றில் எடுத்துரைத்தார். தேர்வின் மொழி, தேர்வின் பண்பாடு, தேர்வாளரின் எதிர்பார்ப்பு ஆகியவை பிள்ளையின் அறிவாக அளக்கப்பட்டன என்பது அவர் வாதம். 1975இல் வந்த புல்லக் அறிக்கை, பள்ளி வாயிலைக் கடக்கும் குழந்தை வீட்டின் மொழியைக் களைந்துவிட்டு வர எதிர்பார்க்கலாகாது என வலியுறுத்தியது. கோர்டு எழுதியது ஆங்கிலத்தின் இன்னொரு வடிவம் பேசிய பிள்ளைகளைப் பற்றி. சில ஆண்டுகளில் முற்றிலும் வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தமிழைப் பேசும் பிள்ளைகள் அதே வகுப்பறைகளில் அமரப் போகிறார்கள் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

இவ்விதி 1996, 2014ஆம் ஆண்டுச் சட்டங்களிலும் ஏறத்தாழ மாறாமல் தொடர்ந்தது. தமிழ் மட்டும் அறிந்து முன்பள்ளிக்கு வந்த பிள்ளை வாய்மூடி இருப்பதைக் கண்டு அறிவுக்குறை என முத்திரையிடுவதை அது தடுத்தது. இது பெரிய காப்பு. எனினும் காப்பின் மறுபுறத்தில் ஒரு பிழை வளர்ந்தது. உண்மையாகவே செவித்திறன் குன்றிய, அல்லது ஆட்டிசம் உடைய பிள்ளையின் மௌனத்தையும், 'வீட்டில் இரு மொழி, ஆகவே பேச்சு பிந்தும்' என்று ஒதுக்கிவைக்க இதே எண்ணம் இடம் கொடுத்தது. 'ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்' என்னும் ஆச்சிமாரின் ஆறுதல் மொழியும் இதனோடு சேர்ந்துகொண்டது. முதற்பிழை பிள்ளைக்கு இல்லாத குறையைச் சுமத்தியது. இரண்டாவது, உள்ள தேவையை மறைத்தது. முன்பள்ளிப் பருவத்தில் இழக்கும் ஓராண்டு பின்னர் மூன்றாண்டு முயன்றாலும் எளிதில் மீளாது என்பதால் இரண்டாவதும் சிறிய பிழையன்று. சட்டம் 'மட்டும்' என்னும் சொல்லைக் கவனமாகவே இட்டிருந்தது. நடைமுறையில் மறக்கப்பட்டது அச்சொல்தான்.

நியூஹாம்

கிழக்கு இலண்டனின் நியூஹாம் பேட்டை இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. எண்பதுகளின் நடுவில், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் உள்ளாட்சி அரசியலில் இறங்கினர். அவர்களுள் இலிண்டா ஜோர்டன் குறிப்பிடத்தக்கவர். தனிப்பள்ளிகளைப் படிப்படியாகக் குறைத்து, எல்லாக் குழந்தைகளையும் அருகிலுள்ள பொதுப் பள்ளியில் சேர்க்கும் கொள்கையை நகர மன்றம் ஏற்றது. தொண்ணூறுகளின் இறுதிக்குள் அப்பேட்டையின் பெரும்பாலான சிறப்புப் பள்ளிகள் மூடப்பட்டன. ஈஸ்ட்ஹாமில் இக்கொள்கையின்படி இயங்கிய கிளீவ்ஸ் தொடக்கப்பள்ளியின் பட்டறிவை, பிரிசில்லா ஆல்டர்சன் பதிப்பித்து 1999இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழ்மை மிக்க பேட்டைகளுள் ஒன்று, செல்வம் மிக்க பேட்டைகள் வளமில்லை என்று தயங்கியதைச் செய்துகாட்டியது கருதத்தக்கது.

ஈஸ்ட்ஹாமும் மேனர் பார்க்கும் இலண்டன் தமிழரின் முதன்மை வாழிடங்களுள் அடங்கும். முருகன் கோயிலும் மளிகைக் கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த அத்தெருக்களில் வாழ்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு இக்கொள்கை எதிர்பாராத ஒன்றைத் தந்தது. தமக்கையும் தம்பியும் செல்லும் பள்ளிக்கே சிறப்புத் தேவையுடைய பிள்ளையும் சென்றது. தனி வண்டி வந்து தனிப்பள்ளிக்கு அழைத்துச் செல்வதைத் தெருவே பார்க்கும் நிலை தவிர்ந்தது. பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரை நீளும் அச்சத்தால் பிள்ளையை வெளியே காட்டத் தயங்கும் வழக்கம் உள்ள சமூகத்தில் இதன் பயனை எண்ணிக்கையால் அளக்க இயலாது. 2005இல் மேரி வார்னாக்கே எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதை மறுஆய்வு செய்ய வேண்டும் என எழுதினார். ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பெரிய பள்ளிகளின் இரைச்சலில் படும் துன்பம் அவர் கருத்தில் இருந்தது. அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பெரிய பள்ளிக்குப் பொருந்தும் அளவுக்கு முன்பள்ளிக்குப் பொருந்துவதில்லை. மணலும் நீரும் வைத்து விளையாடும் சிறு குழுவில், யாருக்கு எந்த முத்திரை என்பதைக் குழந்தைகள் கேட்பதில்லை.

வீட்டுமொழி என்னும் சான்று

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் இலண்டன்வாசிகள். இதற்குப் பின்வந்த முன்பருவக் கல்விச் சட்டகம், ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாத குழந்தையிடம் பேச்சுத் தாமதம் உளதா என ஐயுறும்போது, வீட்டுமொழியில் அக்குழந்தைக்குள்ள திறனைப் பெற்றோருடன் சேர்ந்து ஆராய வேண்டும் எனப் பணிக்கிறது. மறக்கப்பட்ட 'மட்டும்' என்னும் சொல்லுக்கு இதனால் நடைமுறைப் பொருள் கிடைத்தது. இரு மொழியிலும் தாமதமா, ஒரு மொழியில் மட்டுமா என்பதே இரு பிழைகளுக்கும் இடையிலான கோடு. அக்கோட்டை வரையத் தேவையான சான்று தமிழில் உள்ளது.

இங்குதான் தமிழ் ஆய்வாளரின் துறை தொடங்குகிறது. சிறுகுழந்தையின் மொழிவளர்ச்சியை ஆங்கிலத்தில் அளப்போர், சொற்களை எண்ணுவதும் எத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசுகிறது எனக் காண்பதும் வழக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'தரமாட்டன்' என்கிறது. இது ஒரு சொல். ஆனால் வினை, எதிர்மறை, எதிர்காலம், தன்மை இடம் ஆகிய யாவும் அதனுள் உள்ளன. இதையே ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சொற்கள் வேண்டும். ஒற்றைச் சொல்லில் நிற்கும் பிள்ளை என்று அதைப் பதிவு செய்தால் மொழியின் இயல்பு பிள்ளையின் குறையாகிவிடும். ழகர ளகர வேறுபாட்டைப் பேச்சில் பேணாத வீட்டில் வளரும் பிள்ளையிடம் ழகரத்தை எதிர்பார்ப்பதும் அத்தகையதே.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சிக்கல் தீரும் என்பதும் முழு உண்மையன்று. 'பிள்ளை இன்னும் கதைக்கேல்ல' என்று வவுனியாத் தாய் சொல்வதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் 'கதை சொல்லவில்லை' எனக் கொள்ள இடமுண்டு. பேச்சே வரவில்லை என்னும் செய்தி, கதை சொல்லும் திறன் வரவில்லை என்னும் எளிய செய்தியாகத் தேய்ந்துவிடும். தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' என்றும் 'சிறப்புத் தேவை' என்றும் வழங்குவதை ஈழத்தவர் 'விசேட தேவை' என்பர். கடிதத்தில் எச்சொல் வந்தாலும் அரைச் சமூகத்திற்கு அது அயற்சொல்லே.

இதனினும் கடுமையான இழப்பு வேறொன்று. வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைக்கு இரு மொழி சுமையாகும், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்னும் அறிவுரை பல்லாண்டுகளாகக் குடியேறிய பெற்றோருக்கு வழங்கப்பட்டு வந்தது. டவுன் சிண்ட்ரோம் உடைய இருமொழிக் குழந்தைகளை எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் உடன் ஆய்வாளர்களும் கனடாவில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு இதற்கு ஆதரவாக இல்லை. இருமொழிச் சூழல் அக்குழந்தைகளின் ஆங்கிலத்தைப் பின்தள்ளியதாக அவர்கள் காணவில்லை. ஆயினும் அவ்வறிவுரையை ஏற்ற வீடுகளில் அம்மம்மாவும் அப்பப்பாவும் பேசும் மொழி பிள்ளைக்கு எட்டாததாயிற்று. எல்லாரும் ஒருமொழியில் உரையாடும் மேசையில் அப்பிள்ளைக்கு மட்டும் தனி மொழி. பள்ளியில் உள்ளடக்கப்பட்ட குழந்தை வீட்டில் விலக்கப்பட்டது.

1985ஆம் ஆண்டு சுவான் அறிக்கை தாய்மொழிக் கல்வியை அந்தந்தச் சமூகங்களின் பொறுப்பில் விட்டதால், இலண்டனில் தமிழ் கற்பிப்பது பெரும்பாலும் வார இறுதிப் பள்ளிகளின் வேலையாயிற்று. தன்னார்வ ஆசிரியர்கள், இரவல் வகுப்பறைகள், திருக்குறள் மனனப் போட்டிகள், ஆண்டுத் தேர்வுகள் ஆகியவற்றைக் கொண்டு அவை நடைபெறுகின்றன. அரும்பணியே. ஆனால் வாரநாளில் ஒரு துணையாளருடன் அமரும் பிள்ளைக்குச் சனிக்கிழமையில் அத்துணை தொடர்வதில்லை. மனனமும் போட்டியும் அளவுகோலாக இருக்கும் வகுப்பில் பேசாப் பிள்ளைக்கு இடம் காண்பது எளிதன்று. தெட்போர்டின் தோட்டமும் மாண்டிசோரியின் மரக்கட்டைகளும் பேச்சுக்கு முன்னரே கையைப் பயிற்றியவை. தமிழ் அரிச்சுவடியை மணலில் விரலால் எழுதிக் கற்ற மரபும் அதற்கு அயலானதன்று.

தமிழ் நிலத்தோடு இவ்வரலாறு மீண்டும் ஒருமுறை தொடுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தில் மித்து ஆலூர் 1998இல் நிறைவுசெய்த முனைவர் பட்ட ஆய்வு, 1975இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் குறைபாடுடைய குழந்தைகள் எவ்வாறு விடுபட்டனர் என்பதை ஆராய்ந்தது. அக்குழந்தைகளை அவ்வாய்வு 'கண்ணுக்குப் புலனாகாதோர்' எனக் குறித்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் எனத் தொடங்கிய திட்டத்தில் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யாரும் அழைக்கவுமில்லை.

2014ஆம் ஆண்டுச் சட்டம், பிறப்பு முதல் 25 வயது வரைக்குமான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் என்னும் ஆவணத்தை ஏற்படுத்தியது. அதன் முதற்பகுதி வல்லுநருக்கு உரியதன்று. பிள்ளையின் விருப்பங்களும் பெற்றோரின் எண்ணங்களும் அங்கே எழுதப்பட வேண்டும். பிள்ளை எதைக் கண்டு சிரிக்கும், எந்த ஓசைக்கு அஞ்சும், யாருடைய மடியில் உறங்கும் என்பவை அப்பகுதிக்கு உரியன. தமிழ்த் தாய் இவற்றைத் தமிழில் சொல்கிறாள். கோப்பில் இருப்பது அதன் ஆங்கிலம்.